கண்டித் திருச்சபைகள் யாருக்காகப் பேசின?

கண்டி மாவட்டத்தில் நூறு பேரைக் கூட்டி நிறுத்தினால் அவர்களில் கிறிஸ்தவர்கள் மூன்று பேர் தேறமாட்டார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி பௌத்தர்கள் ஏறக்குறைய 73 சதவீதம், முஸ்லிம்கள் 14 சதவீதம், இந்துக்கள் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கத்தோலிக்கரையும் ஏனைய கிறிஸ்தவரையும் சேர்த்தால் இரண்டரை சதவீதம்தான். ஆனால் நகருக்குள் நடந்து பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு நம்பும்படி இருக்காது. தலதா மாளிகையின் அயலில், நாத தேவாலயத்தை ஒட்டிச் செங்கல்லால் எழுந்த புனித பவுல் ஆலயம் நிற்கிறது. திரித்துவக் கல்லூரி, ஹில்வூட், பெண்கள் உயர்தரப் பாடசாலை, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி என்று நாடறிந்த பள்ளிகள் பலவும் ஏதோவொரு சபையின் கையால் தொடங்கப்பட்டவை. அம்பிட்டியக் குன்றில் கத்தோலிக்கரின் தேசியக் குருமடம், பிலிமத்தலாவையில் சீர்திருத்தச் சபைகளின் இலங்கை இறையியல் கல்லூரி. தொகை சிறிது, இடம் பெரிது.

இந்தப் பெரிய இடத்தை வைத்துக்கொண்டு திருச்சபைகள் சமூகத்தின் நியாயங்களுக்காக என்ன செய்தன என்று கேட்டால், வழக்கமாக ஒரு சேவைப் பட்டியல் வரும்: பள்ளி, மருத்துவமனை, அநாதை இல்லம், வெள்ள நிவாரணம். அந்தப் பட்டியலில் பொய் இல்லை. ஆனால் நோயாளிக்கு மருந்து கொடுப்பதும், அவன் ஏன் நோயாளியானான் என்று தோட்ட நிர்வாகத்திடமோ அரசிடமோ கேட்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு நன்றி கிடைக்கும். இரண்டாவதற்குப் பகை கிடைக்கும். கண்டியின் வரலாற்றில் சபைகள் முதலாவதைத் தயங்காமல் செய்திருக்கின்றன. இரண்டாவதைச் செய்தனவா என்பது பெரும்பாலும் ஒரு விடயத்தைப் பொறுத்தே இருந்திருக்கிறது: ஆலயத்தின் வாங்குகளில் அமர்ந்திருந்தவர் யார், செலவுக்குக் காசு கொடுத்தவர் யார். விதிவிலக்குகள் உண்டு. அந்த விதிவிலக்குகளே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

கண்டியில் கிறிஸ்தவம் முதலில் பெயர் வாங்கியது ஒரு கொள்ளைநோயின்போது. கோவாவிலிருந்து வந்த கொங்கணிப் பிராமணக் குடும்பத்துக் குரு யோசவ் வாஸ், ஒல்லாந்தரின் தடைக்கு நடுவே 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறைப்பட்டார். 1697இல் இராசதானியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு விலகினார்கள். நோயாளிகளை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸும் அவருடைய சகோதரி மகனான கர்வாலோ என்ற குருவும் நகரில் தங்கி, நோயாளிகளைத் தூக்கி வந்து குடிசைகளில் கிடத்திப் பார்த்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளியின் மதத்தை அவர்கள் கேட்கவில்லை. இரண்டாம் விமலதர்மசூரியன் அவர்களுக்கு நடமாடும் சுதந்திரம் கொடுத்தான். 1711இல் கண்டியிலேயே இறந்த வாஸை, 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

இன்றுவரை கண்டி மறைமாவட்டத்தின் சமூகப் பணி பற்றிய பேச்சு பெரும்பாலும் வாஸிலிருந்தே தொடங்குகிறது. அது இயல்பே. ஆனால் வாஸிடம் அதிகாரம் எதுவும் இல்லை, பின்னால் ஒரு சாம்ராச்சியமும் இல்லை. அவருக்குப் பிறகு வந்த சபைகளின் நிலை அப்படியல்ல. 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி ஒப்பந்தத்தோடு பிரித்தானியர் மலைநாட்டைக் கைக்கொண்டார்கள். ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தைக் காப்பதாக வாக்களித்தது. அந்த வாக்கு மிஷனரிமாருக்கு உறுத்தலாயிற்று. காலப்போக்கில் அரசாங்கம் அந்தப் பொறுப்பைக் கைகழுவியதில் அவர்களுடைய அழுத்தத்துக்கும் பங்குண்டு. மாளிகையின் அயலில் புனித பவுல் ஆலயம் கோட்டைப்படை ஆலயமாக எழுந்தது அந்தக் காலத்தின் மனநிலைக்குச் சாட்சி. கண்டியில் எந்தப் பாதிரியார் எந்த நியாயம் பேசினாலும், பேசுபவர் யாருடைய வாரிசு என்ற கேள்வி சிங்கள பௌத்தரின் மனதில் முதலில் எழுவதற்கு இந்தப் பழைய கணக்கே காரணம். அதைத் தெரியாதவர்போல நடந்துகொண்ட பாதிரிமார் வெகுதூரம் போகவில்லை.

கோப்பித் தோட்டம் வந்த பிறகு இன்னொரு கூட்டம் மலையேறியது. 1820களின் முற்பகுதியில் கம்பளைக்கு அருகே சிங்ஹப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்டும், கன்னொருவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பி நட்டார்கள். தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். 1854இல் அங்கிலிக்கன் சபையின் மிஷனரிச் சங்கம் இவர்களுக்கென்று கண்டியை மையமாகக் கொண்டு தமிழ்க் கூலி மிஷன் என்ற பணியைத் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டார்கள். தோட்டம் தோட்டமாக நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் வேதம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தார்கள். மலையகத்தில் தமிழ் எழுத்தறிவின் முதல் விதைகளில் ஒரு பங்கு இந்த உபதேசியார்களுடையது. அதை மறுக்க முடியாது.

ஆனால் அவர்களுடைய சம்பளத்துக்கான பணம் பெருமளவு துரைமாரின் சந்தாவிலிருந்தே வந்தது. துரைமார் அடங்கிய கமிட்டி ஒன்று கணக்குப் பார்த்தது. வேதம் படித்த கூலி குடிக்கமாட்டான், ஓடமாட்டான், சொன்னதைக் கேட்பான் என்ற எண்ணம் அவர்களில் பலருக்கு இருந்தது. சம்பளத்தை மாதக்கணக்கில் பிடித்து வைப்பது, கங்காணியின் கடன்கட்டு, தொழிலாளியைக் கடனோடு கைமாற்றும் துண்டு முறை, வழிநடையில் செத்தவர்களின் கணக்கு ஆகியவற்றை எதிர்த்து மிஷன் ஓர் இயக்கமாக எழவில்லை. எழுந்திருந்தால் அடுத்த மாதச் சந்தா வந்திராது. தனி மிஷனரிமாரின் மனச்சாட்சியை நான் இங்கே எடைபோடவில்லை. அமைப்பு எந்தக் காலில் நின்றது என்பதையே சொல்கிறேன்.

நகரத்தில் கதை வேறு. 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரியின் அதிபராயிருந்த ஏ. ஜி. ஃப்ரேசர், தன் மாணவர்கள் ஆங்கிலம் பேசிக்கொண்டு சொந்த மொழியில் ஒரு கடிதம் எழுதத் தெரியாதவர்களாக வளர்வதைக் கண்டு, சிங்களத்தையும் தமிழையும் பாடத்தில் சேர்த்தார். அன்றைய மேட்டுக்குடிப் பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. அவர் காலத்தில் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் அர்ப்பணிக்கப்பட்ட கல்லூரி ஆலயம், கண்டி அரசரின் மகுல் மடுவவைப் போலச் செதுக்கிய தூண்களோடு, நாலுபுறமும் காற்று புகும்படி கட்டப்பட்டது. உள்ளே டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்களில் நல்ல சமாரியனும் கால் கழுவும் காட்சியும் இந்த மண்ணின் முகங்களோடு இருக்கின்றன. அழகான முயற்சி. இருந்தும் அது கண்டியப் பிரபுக்களின் பிள்ளைகளும் வசதியான தமிழ், பறங்கிப் பிள்ளைகளும் படித்த பள்ளி. கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு அன்றைக்குக் கிடைத்தது உபதேசியாரின் ஒற்றைக் கொட்டகைப் பள்ளிதான்.

1948 நவம்பரில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே வீச்சில் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் எழுதுவதுபோலப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கண்டிப் புகையிரத நிலையத்தில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போன குடும்பங்களில் ஞானஸ்நானச் சான்றிதழைப் பொட்டலத்தில் கட்டிக்கொண்டு போனவையும் இருந்தன. அவர்களை வழியனுப்பிச் செபம் சொன்ன குருமார் உண்டு. அதைத் தாண்டி ஒரு கேள்வி எழ இன்னும் சில ஆண்டுகள் வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வி எழுவதற்கு முன் சபைகளுக்கு மூன்று அடிகள் விழுந்தன. 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றது. நூறாண்டாகத் திருச்சபைகளின் செல்வாக்குக்குத் தூணாக இருந்தது சரிந்தது. அன்று அது பேரிழப்பாகத் தெரிந்தது. இன்று திரும்பிப் பார்த்தால், பள்ளி நிர்வாகத்தில் ஆயுளைக் கழித்திருக்கக்கூடிய குருமார் சிலரை அது தெருவுக்குக் கொண்டுவந்து விட்டது என்றே சொல்வேன். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டாவது. அது கத்தோலிக்கரை உலகத்தின் பக்கம் திரும்பச் சொன்னது. 1971 ஏப்ரலில் சிங்கள இளைஞரின் கிளர்ச்சி மூன்றாவது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட அந்தக் கிளர்ச்சி, கண்டிக்கு அடுத்த கேகாலையில் கடுமையாக இருந்தது. படித்தும் வேலையில்லாத பிள்ளைகள் துவக்கெடுத்தபோது, இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் பூசை வைக்க முடியவில்லை என்று உணர்ந்தவர்கள் சிலர் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் போல் கஸ்பர்ஸ். பறங்கியர் குடும்பத்தில் பிறந்த இயேசு சபைக் குரு. 1972இல் அவர் கண்டியில் சத்தியோதய என்ற மையத்தைத் தொடங்கினார். ஆயர் இல்லத்தின் ஒரு திணைக்களமாக இல்லாமல், சிங்களவரும் தமிழரும் வெவ்வேறு சமயத்தவரும் ஒரு கூரையின் கீழ் சேர்ந்து வேலை செய்யும் இடமாக அதை அமைத்தார். ஆய்வும் செயலும் அங்கே பிரியக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். தோட்டங்கள் பற்றிய நூல்களையும் அறிக்கைகளையும் சேர்த்து ஒரு நூலகம் உருவாக்கினார்.

சத்தியோதய தொடங்கிய நேரம் முக்கியமானது. 1973, 74இல் உணவுத் தட்டுப்பாடு வந்தது. மா, அரிசி, சீனிப் பங்கீடு குறைந்தது. கிராமத்தவருக்கு ஒரு மரவள்ளிக்கிழங்காவது நட ஒரு துண்டு மண் இருந்தது. லயத்து மக்களுக்கு அதுவும் இல்லை. தோட்டங்களில் சாவு விகிதம் ஏறியது. கண்டி நகரத் தெருக்களில் தோட்டக் குடும்பங்கள் பிச்சைக்கு வந்து நின்றன. அதே காலத்தில் 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் அதன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. ஏகாதிபத்தியக் கம்பனிகளிடமிருந்து மண்ணை மீட்டதாக நாடு கொண்டாடியது. அந்த மண்ணில் நாலு தலைமுறை உழைத்தவர்களுக்கு அதில் பங்கில்லை. கண்டி, மாத்தளைப் பகுதியின் இடைநாட்டுத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் வேலையும் லயமும் இழந்து வன்னிப் பக்கம் நடந்தன.

1974இல் உருவான பெருந்தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகத்தில் சத்தியோதயவின் கை பெரிது. இங்கே கஸ்பர்ஸ் எடுத்த நிலைப்பாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோட்டத் தமிழருக்காகப் பேசுவது கண்டியில் உடனே சிங்களவருக்கு எதிரான பேச்சாகக் கேட்கும். அதற்குக் காரணமும் இருந்தது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனைகளையும் அரசுடையதாக்கி, பிறகு அவற்றைக் கோப்பித் துரைமாரிடம் கொடுத்தது. 1951இல் வந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை அந்தக் காயத்தைக் கணக்கெடுத்தது. தோட்டத்தைக் கண்டால் கண்டியக் கிராமத்தவனுக்குத் தன் பாட்டன் இழந்த மண் நினைவுக்கு வரும்; அந்த மண்ணில் நிற்கும் தமிழன்மேல் கோபம் திரும்பும். கஸ்பர்ஸ் இருவரையும் ஒரே கொள்ளையின் இரு பக்கத்துப் பலிகளாகப் பார்த்தார். கிராமத்திலும் வேலை செய், தோட்டத்திலும் வேலை செய், இரண்டு பக்கத்தையும் ஒரே கூட்டத்தில் உட்காரவை என்பது அவர் வழி. தொழிற்சங்கங்கள் தோட்ட எல்லைக்குள் நின்றன. அரசியல் கட்சிகள் இன எல்லைக்குள் நின்றன. இந்த எல்லைகளைக் கடந்து யோசித்தவர்கள் அன்று குறைவு.

பலன் என்ன என்று கேட்டால் பதில் உற்சாகமாக இராது. 1977 ஓகஸ்ட் வன்முறை தோட்டங்களையும் தொட்டது. 1979இல் அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தபோது, இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் ஒன்று தொடங்கியது. தெற்கில் மேர்ஜ் என்றே அதை அறிவார்கள். அதன் தலைவராகவும் கஸ்பர்ஸ் பணியாற்றினார். யாழ்ப்பாணத்தில் அந்த ஆண்டு நடந்த கைதுகளையும் கொலைகளையும் பற்றி அந்த இயக்கம் அறிக்கை வெளியிட்டது. தெற்கில் அதைப் படித்தவர்கள் சிறு தொகையினர். ஆனால் சிங்களப் பெரும்பான்மையின் நடுவே இருந்துகொண்டு, தமிழ் இளைஞரின் பெயர்களைக் கேள்வியாக எழுதிய ஆவணம் அது. கஸ்பர்ஸ் 2017இல் மறைந்தார்.

கத்தோலிக்கத் தலைமைக்குள்ளும் ஒருவர் இருந்தார். 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, பெனடிக்ற் சபையின் சில்வெஸ்திரியப் பிரிவுத் துறவி. 1972இல் கண்டியிலிருந்து பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, வசதிகளும் பள்ளிகளும் உள்ள கண்டியை விட்டு ஏழ்மையான பதுளைக்கு ஆயராகப் போனார். பண்டாரவளையில் சேவக செவன என்ற குருமடத்தைத் தொடங்கினார். குருமாரைப் பெரிய மதில்களுக்குள் அடைத்துப் பயிற்றாமல் மக்களோடு வாழவைத்துப் பயிற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். அம்பிட்டியக் குருமடத்தில் பல ஆண்டுகள் கற்பித்த மைக்கல் ரொட்ரிகோ அவரோடு சேர்ந்தார். பிறகு புத்தளையில் முழுக்க பௌத்த விவசாயிகளே வாழும் ஒரு கிராமத்தில் குடிசை போட்டுத் தங்கி, யாரையும் மதம் மாற்றாமல் அவர்களோடு உழைத்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை வைத்துக்கொண்டிருக்கும்போது சுடப்பட்டு இறந்தார். அந்தக் கிராமத்தில் கிறிஸ்தவர்கள் இல்லை. அவருக்கு வாங்கும் இல்லை, சந்தாவும் இல்லை. இந்தக் கட்டுரை முன்வைக்கும் கணக்குக்கு அவர் முழு விதிவிலக்கு. பெரும் விலையும் அவர்தான் கொடுத்தார்.

அங்கிலிக்கன் சபையில் கண்டி, 1950இல் நிறுவப்பட்ட குருநாகல் மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. 1962 முதல் அதன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. அரசியல் செல்வாக்குள்ள சிங்களக் குடும்பம். ரணில் விக்கிரமசிங்கவின் சிற்றப்பா. 1971 கிளர்ச்சிக்குப் பிறகு உருவான சிவில் உரிமைகள் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 1983 ஜூலையில் கண்டி நகரத்திலும் தமிழர் கடைகள் எரிந்தன. அந்தக் கலவரத்தின்போது வெளிநாட்டில் இருந்தவர், திரும்பிவந்து பாதிக்கப்பட்ட இடங்களுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போனார். தன் மக்களுக்கு மடல் ஒன்று எழுதினார். அதில் அவர் பொதுவாக வன்முறையைக் கண்டித்துவிட்டு நிற்கவில்லை. சிங்களவர் என்ற முறையில் நாம் வெட்கப்பட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் பக்கத்தை நோக்கியே சொன்னார். ஆட்சியிலிருந்தது அவருடைய உறவினர்களின் கட்சி. அவருடைய ஆலயங்களில் அமர்ந்திருந்தவர்களில் கணிசமானோர் சிங்களவர். அந்த ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி அவர் இறந்தார். வயது 56. இலங்கையில் பெரும்பான்மை இனத்துச் சமயத் தலைவர் ஒருவர் தன் மக்களின் குற்றத்தை அவ்வளவு நேராகச் சொன்ன வேறு சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணலாம்.

பிலிமத்தலாவை பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகள் சேர்ந்து தொடங்கிய இறையியல் கல்லூரி அது. போதகராக விரும்புபவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் அங்கே படிக்கிறார்கள். போர் நடந்த ஆண்டுகளில் வடக்கிலிருந்து வந்த பிள்ளையும் தெற்கிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த இடங்கள் இந்த நாட்டில் மிகச் சில. அது தானாகவே நட்பை உண்டாக்கிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எதிர்த்தரப்பை வானொலிச் செய்தியாக மட்டும் அறிந்தவர்களுக்கும், அதே தரப்பின் ஒருவனோடு மூன்று நான்கு வருடம் ஒன்றாகச் சமையலறையில் தேங்காய் துருவியவர்களுக்கும் இடையே வித்தியாசம் உண்டு.

இனிக் கிட்டிய காலம். 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கிய ஒரு சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி இறந்தார். அடுத்த நாட்களில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமானது. முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. சபைகளின் தரப்பிலிருந்து கண்டனங்களும் அமைதிக்கான வேண்டுகோள்களும் வந்தன. பல்சமயக் குழுக்களில் குருமார் அமர்ந்தார்கள். ஆனால் 1970களில் தோட்டத் தமிழருக்காக எழுந்ததைப் போல, ஆவணப்படுத்தி, இரு கிராமங்களையும் ஒன்றாக உட்காரவைத்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த முயற்சி ஒன்று முஸ்லிம்களின் காரியத்தில் கண்டிச் சபைகளிடமிருந்து எழவில்லை என்பது என் கணிப்பு. தோட்டத் தமிழரில் கிறிஸ்தவர் இருந்தார்கள். முஸ்லிம்கள் எந்த ஆலயத்தின் வாங்கிலும் இல்லை.

ஓராண்டு கழித்து அந்தக் கணிப்பைக் கடுமையாக்கும் காட்சி ஒன்று கண்டியிலேயே நடந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆரம்பத்தில் நடந்துகொண்ட முறை பாராட்டத்தக்கது. முஸ்லிம்கள்மேல் கைவைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரும் பழிவாங்கல் உடனே நிகழாமல் போனதில் அந்தக் குரலுக்குப் பங்குண்டு. ஆனால் மே மாத இறுதியில் அத்துரலியே ரத்தன தேரர், இரு முஸ்லிம் ஆளுநர்களும் ஓர் அமைச்சரும் பதவி விலக வேண்டும் என்று தலதா மாளிகையின் அருகே உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3ஆம் திகதி கர்தினால் கண்டிக்கு வந்து அவரைச் சந்தித்தார். அன்றே ஆளுநர்கள் விலகினார்கள். முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் கூட்டாக விலகினார்கள். விசாரணையில் எதுவும் நிறுவப்படாத நிலையில், ஓர் இனத்தின் அரசியல் பிரதிநிதிகள் தெருவின் அழுத்தத்தால் வெளியேறினார்கள். கர்தினால் போனது நோன்பிருந்தவரின் உடல்நிலையைக் கேட்கத்தான் என்று வாதிடலாம். பொதுவெளியில் அது அப்படிப் படிக்கப்படவில்லை. அவருக்கு அது தெரியாதிருக்க வாய்ப்பில்லை.

போர்க்காலக் குற்றங்கள் தொடர்பாக ஜெனீவாத் தீர்மானங்களை முன்பு வரவேற்காத அதே கர்தினால், உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு உள்நாட்டில் நீதி கிடைக்கவில்லை என்று கண்டபின் 2022 மார்ச்சில் ஜெனீவா மனித உரிமைகள் பேரவையில் போய்ப் பேசினார். பேசியதில் பிழையில்லை. ஆனால் மன்னாரின் ஆயர் இராயப்பு யோசேப்பு ஒரு தசாப்தத்துக்கு முன்பே அதே சர்வதேசக் கதவைத் தட்டியபோது, தெற்கின் கத்தோலிக்கத் தலைமை அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் இந்தத் திருச்சபையின் நிலை இன்று வேறாக இருந்திருக்கும்.

இன்னொரு பேசாப்பொருள் சாதி. கண்டி மஹய்யாவ பகுதியில் மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளரின் தமிழ்க் குடியிருப்பு பல தலைமுறையாக இருக்கிறது. அவர்களுடைய மூதாதையரைப் பிரித்தானிய நகரசபை தமிழகத்திலிருந்து கொண்டுவந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் காலிங்க டியூடர் சில்வாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டித் துப்புரவுத் தொழிலாளர்மேல் நீடிக்கும் தீண்டாமை பற்றி எழுதியிருக்கிறார்கள். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது. பள்ளியில் இடம் கிடைப்பது கடினம். நகரத்தின் புகழ்பெற்ற கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் இந்தக் குடியிருப்புக்கும் இடையே நடைதூரம்தான். பல்கலைக்கழகத்தார் எழுதியதை எத்தனை பிரசங்க மேடைகள் எடுத்துக்கொண்டன?

பெந்தெகொஸ்தே சபைகள் தனிக் கட்டுரைக்குரியவை. கடந்த சில தசாப்தங்களில் லயங்களில் அவற்றின் செபக்கூடங்கள் பெருகியிருக்கின்றன. கசிப்பை விட்ட கணவன், அடி வாங்காத மனைவி, புத்தகப் பையோடு பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று அவர்களுடைய சமூக மாற்றம் வீட்டுக்குள் நடக்கிறது. அதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். ஆனால் நாட்சம்பளம், காணி என்று வந்தால் அங்கே செபம் மட்டும்தான் கேட்கிறது. மதமாற்றக் குற்றச்சாட்டும் தாக்குதல் பயமும் உள்ள சிறு சபைகள் அரசோடு மோதத் தயங்குவது விளங்கிக்கொள்ளக்கூடியதே.

2023, மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு. தேசிய கிறிஸ்தவ மன்றம் மலையகக் குடிமைச் சமூக அமைப்புகளோடு சேர்ந்து ஒரு நடைபயணம் ஏற்பாடு செய்தது. முன்னோர் கரையிறங்கிய தலைமன்னாரில் ஜூலை 28ஆம் திகதி தொடங்கி, அவர்கள் நடந்த வழியிலேயே, காடும் வயலும் கடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. அந்தப் பாதையில் காலராவாலும் பசியாலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் வழிநெடுகச் சேர்ந்தார்கள். தனித்துவமான மக்களாக அங்கீகாரம், வாழ்வதற்குப் போதுமான சம்பளம், தமிழில் அரச சேவை, வீட்டுப் பணிப்பெண்களுக்குப் பாதுகாப்பு, வீட்டுக்கும் வாழ்வாதாரத்துக்கும் காணி உரிமை ஆகியவை கோரிக்கைகள். துரைமாரின் சந்தாவில் 1854இல் தொடங்கிய மிஷனின் பேரப்பிள்ளைகளான சபைகளே இந்த நடையை முன்னெடுத்தன. அரசியல் கைதிகளின் விடுதலைக்கான தேசிய அமைப்பின் ஒருங்கிணைப்பாளரான அங்கிலிக்கன் குரு மா. சத்திவேலைப் போன்றவர்கள் மலையகத்தின் காணிப் பிரச்சினையையும் வடக்கின் காணிப் பிரச்சினையையும் ஒரே மூச்சில் பேசி வருவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பேசுபவர்களே பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளாக வந்துவிட்டார்கள். கஸ்பர்ஸ் காலத்துக்கும் இன்றைக்கும் இடையிலான பெரிய வேறுபாடு இதுவே.

கோரிக்கைகளில் சம்பளம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2021இல் ஆயிரம் ரூபாய் ஆன குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது. காணி நகரவில்லை. 1992 முதல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. மண் அரசினுடையது, குத்தகை கம்பனியுடையது. புதிய வீட்டுத் திட்டங்களில் ஏழு அல்லது பத்து பேர்ச்சஸ் கொடுக்கிறார்கள். கிராமத்தில் மிகச் சாதாரண விவசாயிக்கும் இதைவிடக் கூடுதலான மண் உண்டு. ஏழு பேர்ச்சஸில் வீடு கட்டலாம். தேயிலை நட முடியாது, மாடு வளர்க்க முடியாது. சிறுதோட்ட உரிமையாளராகத் தொழிலாளி மாற வேண்டும் என்று கேட்டால் கம்பனியும் அமைச்சும் அயல் கிராமமும் ஒருங்கே எதிர்க்கும். 1970களில் கஸ்பர்ஸ் முட்டிய சுவர் இதுதான். வீட்டுத் திட்டத்துக்கு நிதி தேடிக் கொடுப்பதோடு சபைகள் நின்றுகொள்ளுமா, அல்லது கண்டியக் கிராமத்துப் பங்குகளில் உள்ள தம் சொந்தச் சிங்கள விசுவாசிகளை அழைத்து, தோட்ட மண்ணில் தொழிலாளிக்குப் பங்கு கொடுப்பது பற்றி அவர்களிடமே பேசத் தொடங்குமா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் மாத்தளையில் இறக்கி வைத்த கோரிக்கைகளில் அந்தக் காணி உரிமையும் ஒன்று.